எந்தத் தண்ணி, எத்தனை நாள் வெறுங்கை?

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஒரு வருஷமா அமெரிக்காக்காரங்க பாஸ் மீன் பிடிக்கிறதப் பத்தி எழுதுறதையெல்லாம் தேடித் தேடிப் படிக்கிறேன். அவங்க சொன்னதைக் கேட்டு ராடு, ரீல், லூருங்கிற பொம்மை இரைன்னு 9,000 ரூபாய் போட்டாச்சு. எங்க கம்மாயில ஒரு விரால்கூடப் படல. பக்கத்துல மூங்கில் கம்பும் நரம்புமா உட்கார்ந்திருக்கிற தாத்தா பையை நிறைச்சுக்கிட்டுப் போறாரு. எழுதுறவங்க எல்லாருமே காசு வாங்கிட்டுத்தான் எழுதுறாங்களா? யாரைத்தான் நம்புறது?"

தம்பி, முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மதுரை யானைக்கல் பக்கம் ஒரு சந்தில் எனக்குத் தூண்டில் சாமான் கடை இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீங்கள் வந்து எதையாவது வாங்கினால் எனக்கு லாபம். ஆகவே கீழே நான் சொல்வதில் எது என் கல்லாவுக்குச் சாதகம் என்று பார்த்துக்கொண்டே படியுங்கள். நீங்கள் படித்த அமெரிக்கக் கட்டுரைகளையும் அப்படித்தான் படித்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மொத்த வியாபாரி எனக்கு ரீல் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். "பிடிச்சுப் பாருங்க, நாலு பேர்கிட்ட சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான். வைகை அணையில் ரெண்டு காலை வீசிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் புகழ்ந்து தள்ளினேன். என் அக்கா மகனும் வாங்கினான். மூன்றாம் மாசம் ஒரு நடுத்தர விரால் இழுத்த இழுப்பில் உள்ளே பல்சக்கரம் வழுக்கிப்போய் வெறும் கைப்பிடிதான் சுற்றியது. "மாமா, நீங்க எத்தனை மாசம் வச்சுப் பார்த்தீங்க?" என்று கேட்டான். ரெண்டு காலை என்று சொல்ல வாய் வரவில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் வீசிப் பார்த்த ரெண்டு காலையும் அந்த ரீல் நன்றாகத்தான் இருந்தது. காசு கொடுக்காமல் வாங்கினேன் என்பதையும், ரெண்டே நாள்தான் பார்த்தேன் என்பதையும் சொல்லாமல் விட்டேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. மீன்பிடி எழுத்தில் அப்பட்டமான பொய் குறைவு, விழுங்கப்பட்ட விஷயம்தான் அதிகம்.

பாஸ் என்று அவர்கள் எழுதுவது பெரும்பாலும் பெரிய வாய் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பற்றி. நம் கம்மாயில் அது கிடையாது. ஆனால் குணத்தில் நம் விராலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். இரண்டும் பாசிக்கும் கோரைக்கும் நடுவே பதுங்கிக் கிடந்து பாயும், தவளையைக் கண்டால் விடாது, குஞ்சைக் காவல் காக்கும். அதனால் அந்த எழுத்தில் நமக்கு உதவும் சரக்கு உண்மையிலேயே உண்டு. எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் உங்கள் 9,000 ரூபாய் போயிருக்கிறது.

அந்த ஊர் எழுத்து எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால் பாதி மயக்கம் தெளியும். 1967-இல் அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் என்ற காப்பீட்டு விற்பனைக்காரர், ஆர்கன்சாவில் பீவர் ஏரியில் ஒரு பாஸ் போட்டி நடத்தினார். 106 பேர் ஆளுக்கு 100 டாலர் கட்டிக் கலந்துகொண்டார்கள். அடுத்த வருஷம் சங்கம், அதற்கொரு பத்திரிகை. 1971-இல் மீட் ஏரியில் அந்தச் சங்கத்தின் முதல் 'கிளாசிக்' போட்டி, வென்றவருக்கு 10,000 டாலர். மீன்பிடிப்பு ஒரு தொழிலானது அப்படித்தான். தொழிலானதும் சட்டையில் நிறுவனப் பெயர்கள் ஏறின. பரிசுப் பணத்தை மட்டும் நம்பி அங்கே குடும்பம் நடத்துபவர் சிலர்தான். மற்றவர்களுக்குப் படகுக்காரர், லூர்க்காரர், ராடுக்காரர் கொடுப்பதில்தான் அடுப்பு எரிகிறது. அவர்களுக்கும் கீழே 'ப்ரோ ஸ்டாஃப்' என்று ஒரு கூட்டம். அதில் பலருக்குச் சம்பளம் கிடையாது, சாமானில் கழிவு விலைதான். அந்தக் கழிவுக்காக ஊரெல்லாம் புகழ்ந்து பேசுவார்கள். என் இலவச ரீல் கதையேதான், ஆள்தான் வேறு.

ஆனால் காசு வாங்கினாலே பொய், வாங்காவிட்டால் மெய் என்று கோடு கிழித்துவிட முடியாது. ரப்பாலா கதையைப் பாருங்கள். பின்லாந்தில் லவுரி ரப்பாலா என்ற ஏழை மீனவர், பெரிய மீன்கள் கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் குஞ்சையே குறிவைத்து அடிப்பதைக் கவனித்தார். 1936-இல் செருப்புத் தைக்கும் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசி, அதே தள்ளாட்டம் ஆடும் ஒரு பொம்மை மீனைச் செய்தார். நல்ல சரக்கு, அதில் சந்தேகமே இல்லை. 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை அதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. விளம்பரம் அல்ல, கட்டுரை. அந்த இதழின் அட்டையில் அப்போதுதான் இறந்திருந்த மர்லின் மன்றோ. மன்றோவுக்காக இதழை வாங்கியவர்கள் கண்ணில் எல்லாம் இந்த லூரும் பட்டது. செய்து கொடுத்து மாளாத அளவுக்கு ஆர்டர் குவிந்தது. சரக்கு நல்லது, எழுத்து நேர்மையானது, விற்றதில் பெரும்பங்கு அட்டைப் படத்துக்கு. நீங்கள் ஒரு லூரை வாங்கும்போதும் அப்படி ஏதோ ஒரு அட்டைப் படம் உங்களைத் தள்ளுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அலபாமா ரிக். ஒரே நரம்பில் குடைக்கம்பி மாதிரி ஐந்து கம்பி விரியும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு லூர், பார்த்தால் சின்ன மீன் கூட்டம் போலவே போகும். 2011 அக்டோபரில் கண்டர்ஸ்வில் ஏரியில் நடந்த போட்டியில் பால் எலையாஸ் என்பவர் இதை வைத்து நாலு நாளில் 102 பவுண்டுக்கு மேல், நம் கணக்கில் 46 கிலோவுக்கு மேல் பிடித்து வென்றார். உடனே நாடு முழுக்க அதற்குப் பறந்தார்கள். பிறகு பெரிய போட்டிகள் சிலவற்றில் அதைத் தடையே செய்தார்கள், அவ்வளவு வேலை செய்தது. எழுதியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அது திறந்த தண்ணீரில் இரைமீனைச் சுற்றி பாஸ் கூட்டமாக நிற்கும் இடத்துக்கான சாமான். அதை வாங்கி வந்து ஆகாயத்தாமரை மூடிய நம்ம ஊர்க் கம்மாயில் வீசினால் ஐந்து முள்ளிலும் ஐந்து கத்தை பாசி வரும். என் கடையிலேயே ஒருத்தர் பிடிவாதமாகக் கேட்டு வரவழைத்து வாங்கிப் போனார். தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். அன்றைக்கு வியாபாரம் மந்தம், கேட்கவில்லை.

ஆகவே "காசு வாங்கினாயா?" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தத் தண்ணி?" என்று கேளுங்கள். அமெரிக்க பாஸ் எழுத்தில் பாதி, தண்ணீரின் வெப்பத்தைச் சுற்றியே ஓடும். குளிர்காலத்தில் உறைகிற ஏரி, வசந்தத்தில் 15 டிகிரியைத் தாண்டியதும் மீன் கரைக்கு வந்து முட்டையிடத் தொடங்குவது, அதற்கு முந்தின வாரம் இந்த லூர், பிந்தின வாரம் அந்த லூர் என்று. அது அவர்களுக்கு வேதம். நமக்கு? மார்கழிப் பனியில்கூட மதுரைக் கம்மாய் அப்படிக் குளிராது. நம் காலண்டர் வேறு. ஐப்பசி கார்த்திகை மழையிலும் கால்வாய்த் தண்ணியிலும் கம்மாய் பெருகும், கலுங்கு பாயும், மீன் தண்ணி வரத்தை எதிர்த்து ஏறும். பங்குனி சித்திரையில் வற்றி மடைப் பள்ளத்தில் ஒடுங்கும். இந்த இரண்டையும் தெரிந்தவன் மூங்கில் கம்போடு வந்தாலும் ஜெயிப்பான்.

விராலுக்கென்று இன்னொரு சங்கதி உண்டு, அது பாஸுக்குக் கிடையாது. விரால் தண்ணீரில் கரைந்த காற்றை மட்டும் நம்பி வாழ முடியாது. மேலே வந்து வாய் வைத்துக் காற்றை விழுங்கியே ஆக வேண்டும். காலையில் காற்றடிக்காத நேரம் கரையில் சும்மா நின்று பார்த்தால் 'பொளக்' என்று ஒரு சத்தமும் வளையமும் தெரியும். அங்கேதான் ஆள் இருக்கிறார். எந்த அமெரிக்க பாஸ் கட்டுரையும் இதைச் சொல்லித் தராது. சொல்லித் தர வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. கண்ணுக்குக் காசு கிடையாது என்பதால் விற்கவும் முடியாது.

('நார்தர்ன் ஸ்னேக்ஹெட்' என்ற விரால் இனத்து மீன் ஒன்று 2002-இல் மேரிலாந்தில் ஒரு குளத்தில் அகப்பட்டு அமெரிக்காவே அலறியது தனிக் கதை. அங்கே இப்போது பாஸுக்குச் செய்த அதே ரப்பர் தவளையை அதற்கும் வீசுகிறார்கள்.)

இனி இன்னொரு கேள்வி: எத்தனை நாள் வெறுங்கையோடு திரும்பினாய்? நம் பக்கம் சித்திரை வைகாசியில் கம்மாய் மீன்பிடித் திருவிழா பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசியதும் ஊத்தாவோடும் கச்சாவோடும் வலையோடும் மொத்த ஊரும் இறங்கும். அதில் ஒரு அழகு உண்டு: ஆயிரம் பேரும் ஒரே தண்ணியில், ஒரே நேரத்தில், எல்லார் கண் முன்னாலும் இறங்குகிறார்கள். யார் கையில் கட்லா, யார் கையில் வெறும் சகதி என்பதை மறைக்க வழியில்லை. சகதியோடு வந்தவனும் சிரித்துக்கொண்டுதான் ஏறுவான். இப்போது எழுத்தையும் வீடியோவையும் நினைத்துப் பாருங்கள். அதில் சகதி இருக்காது. பத்து நாள் வீசியதில் பட்ட ஒரு மணி நேரத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒரு மணி நேரமும் நிஜம்தான். ஆனால் அதை வைத்து லூரை எடைபோடுவது, கல்யாண வீட்டுச் சாப்பாட்டை வைத்து ஒரு வீட்டின் அன்றாடச் சமையலைக் கணிப்பது மாதிரி. "இந்த லூரில் இத்தனை நாள் ஒன்றும் படவில்லை, கலங்கல் தண்ணியில் வேலைக்கு ஆகாது, முள் துருப்பிடிக்கிறது" என்று எழுதுகிறவர் கிடைத்தால் அவர் காசு வாங்கியிருந்தாலும் பரவாயில்லை, விடாமல் படியுங்கள். குறை சொல்லத் தெரிந்தவர் புகழும்போது அதற்கு எடை உண்டு.

சாமான் பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பற்றி ஒரு கடைக்காரனாகச் சொல்கிறேன், இதில் எனக்கு நட்டம்தான். '12+1 பேரிங்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த +1 பெரும்பாலும் கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கிற ஒருவழி பேரிங். மலிவான பேரிங் பன்னிரண்டு இருப்பதைவிட நல்ல பேரிங் நாலு இருப்பது மேல், ஆனால் எண் சின்னதாக இருந்தால் விற்காது. '6.2:1' என்பது கைப்பிடி ஒரு சுற்றுக்கு, நரம்பைச் சுற்றிவிடும் ரோட்டர் 6.2 சுற்று சுற்றும் என்ற கணக்கு, இது நேர்மையான எண். 'டிராக் 15 கிலோ' என்பது ஜம்பம். டிராக் என்றால் மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கிற பிடி. நரம்பு எத்தனை கிலோ தாங்குமோ அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் டிராக்கை இறுக்குவது வழக்கம். உங்கள் நரம்பு 10 கிலோ என்றால் அதிகபட்சம் 3 கிலோ. மீதி 12 கிலோ டிராக் பெட்டியோடு வீட்டில் இருக்கும். பிரெய்டு என்கிற பின்னல் நரம்பில் மலிவானதென்றால் அட்டையில் போட்ட தடிமனைவிட நரம்பு தடித்திருப்பதும் சகஜம். இழுப்புக்குத் தாங்குகிறதே என்று சந்தோஷப்படுவீர்கள், தூரம் போகாதபோதுதான் தெரியும்.

நிறம்? ஒரே தவளையைப் பன்னிரண்டு நிறத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன், நானே சொல்கிறேன், பத்து நிறம் உங்களுக்காக, மீனுக்காக அல்ல. தண்ணி கலங்கலாக இருக்கும்போது மேலே மிதக்கும் தவளையைக் கீழேயிருந்து பார்க்கிற விராலுக்கு அது ஒரு நிழலுருவம். கறுப்பு ஒன்று, வெளிர் நிறம் ஒன்று போதும். நிறத்தைப் பார்ப்பதைவிடக் கையில் எடுத்து அமுக்கிப் பாருங்கள். இரண்டு விரலால் லேசாக அமுக்கினால் உடம்பு குழைந்து முள் இரண்டும் வெளியே வர வேண்டும். வராவிட்டால் மீன் கடித்தாலும் மாட்டாது. வாளித் தண்ணிக்குள் பிடித்து அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். தையலில் வந்தால் நாலு வீச்சில் தண்ணி குடித்துத் தவளை மூழ்கும். முள் நகத்தில் வழுக்காமல் குத்தி நிற்க வேண்டும், ஏனென்றால் விரால் வாய் எலும்பு. இந்த மூன்று சோதனையையும் எந்தக் கடையிலும் செய்யலாம். செய்ய விடாத கடையில் வாங்காதீர்கள்.

அமெரிக்கர்கள் சொல்வதில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: தவளையை மீன் அடித்த மறு நொடியே இழுக்காதே, நரம்பு கனக்கும் வரை பொறு. பதற்றத்தில் எல்லாரும் முதல் சத்தத்திலேயே இழுத்துவிடுவார்கள். அப்புறம் லூரைத் திட்டுவார்கள். எடுக்கக் கூடாததும் ஒன்று உண்டு. முட்டைக்குக் காவல் நிற்கும் பாஸைக் குறிவைத்து வீசுவதைப் பற்றி அங்கேயே சண்டை ஓயவில்லை. இங்கே செக்கச்செவேலென்று கொதிக்கும் விரால் குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் தவளையை வீசினால் காவல் நிற்கும் விரால் கட்டாயம் அடிக்கும், வீடியோவுக்கு அருமையாக இருக்கும். காவல் போனால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. அதைப் போட்டு லூர் விற்கிறவரை நான் மதிப்பதில்லை, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கேட்க நினைப்பீர்கள். அமெரிக்காவில் வாணிப ஆணையம் 1980-லேயே பரிந்துரை விளம்பரங்களுக்கு வழிகாட்டி போட்டது. இலவசப் பொருள் வாங்கியிருந்தால் சொல்ல வேண்டும் என்று 2009-இலும் 2023-இலும் இன்னும் இறுக்கியது. நம் நாட்டிலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஏமாற்று விளம்பரத்துக்கு முகம் கொடுப்பவருக்கு 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. 2022 ஜூனில் வந்த வழிகாட்டுதலும் தொடர்பை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினால் புகார் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் "நல்லா இருக்கு மாப்ளே" என்று சொன்னவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? நானே தப்பித்தேனே.

நீங்கள் மனசு விடக் கூடாது என்பதற்காக ஒரு தகவல். பெரிய வாய் பாஸில் உலக சாதனை 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி என்ற விவசாயி பிடித்தது, 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எந்த லூரில் பிடித்தார் என்று இன்றைக்கு வரை வாதம் நடக்கிறது. பத்திரிகைப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது 75 டாலர் மதிப்புள்ள சாமான். மீனை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். 77 வருஷம் கழித்து 2009-இல் ஜப்பானில் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைச் சமன் செய்தார். அவர் முள்ளில் இருந்தது லூரே அல்ல, உயிருள்ள சின்ன மீன்.

உங்கள் தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு எந்த நிறுவனமும் எதுவும் கொடுக்கவில்லை, அதனால் மட்டும் அவரை நம்பச் சொல்லவில்லை. அதே கரையில் அவர் வெறுங்கையோடு எழுந்து போன நாட்களும் அவருக்குத் தெரியும், அந்த நாட்களில் தண்ணி எப்படி இருந்தது என்பதும் தெரியும். அதைக் கேளுங்கள். முதல் நாளே "எங்க தாத்தா போடுறீங்க?" என்று கேட்டால் எந்தத் தாத்தாவும் சொல்ல மாட்டார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் ராடை மடக்கி வைத்துவிட்டு ரெண்டு காலை சும்மா பாருங்கள். அவர் மடைக்கு எந்தப் பக்கம் உட்காருகிறார், நாக்குப்பூச்சியை எப்போது விட்டுத் தவளைக்கு மாறுகிறார், நிழல் எந்தப் பக்கம் விழும்படி இருக்கிறார் என்று. ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வெறுங்கை நாட்களையும் சேர்த்தே எழுதுங்கள், தண்ணி அளவும் கலங்கலும் போட்டு. மீன்பாசிக் குத்தகை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறங்குங்கள், வீண் வம்பு வேண்டாம்.

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கையில் இருக்கிற தவளையிலேயே நான் சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள். முள் மழுங்கியிருந்தால் மட்டும் கடைக்கு வாருங்கள், பாக்கெட் 40 ரூபாய். அதில் எனக்கு 12 ரூபாய் நிற்கும்.